சுவர் தாண்டாத மிஷின்

பிப்ரவரி 9

மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் எழுந்திருக்கும்போதெல்லாம் என்னை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நிமிர விடுகிறது. உன் வயிறு எப்படி இருக்கிறது, அங்கே போடுகிற சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. ஜெயிலில் கொடுக்கிற ஐந்து நிமிஷப் போனை எனக்குச் செலவழிக்காதே. உன் மகள் பட்டாணிக்கு அப்பா குரல் வேண்டும், அதை அவளுக்கு வைத்துக்கொள். எனக்கு உன் கையெழுத்து போதும்.

போன தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாயே, மே மாதம் ஆறு நாள் விடுப்பு வரும், வந்தால் பட்டாணியோடு உட்கார்ந்து அந்த ட்ரோனைச் செய்யவேண்டும், அதற்குள் பெட்டியைத் திறந்து எல்லாம் இருக்கிறதா பார்த்து வை என்று. நேற்றுத் திறந்தேன். அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்கு நீ வரவழைத்த பெட்டி. உன்னைக் கூட்டிக்கொண்டு போன நாலாம் நாள் வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். இரண்டு வருஷம் பீரோ மேல் கிடந்தது. அப்பா வராமல் பிரிக்கக்கூடாது என்று அழுதவள், இப்போது போனில், "பிரிச்சு வை பாட்டி, ஆனா ஒண்ணையும் எதோடயும் மாட்டாதே" என்கிறாள். அனுமதி வாங்கித்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

உள்ளே படம் போட்ட புத்தகம் ஒன்று. நமக்குத் தெரியாத பாஷை. எனக்குத் தெரிந்த பாஷையிலேயே மூன்றாம் வகுப்புதான், அதனால் நஷ்டமில்லை. படமும் நம்பரும் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைத்தவளுக்கு அது போதும். கறுப்புத் தகடு இரண்டு, கை நாலு, மோட்டார் நாலு, விசிறி எட்டு. சோப்பு அளவில் ஒரு சர்க்யூட் அட்டை, வெள்ளிக் காகித உறையில். ரிமோட் ஒன்று. ஸ்க்ரூ ஐந்து பை. பேட்டரிதான் சரியில்லை. படத்தில் செங்கல் மாதிரி தட்டையாக இருக்கிறது. கையில் எடுத்தால் குட்டித் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. என்ன செய்ய?

உன் பெண்டாட்டி இந்த வீட்டை விட்டுப் போய் இருபது மாதம் ஆகிறது. அவளைப் பற்றி எழுதாதே என்பாய். எழுதவில்லை.

அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்காலிடம் நான் கேட்டதாகச் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த கால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நூல் கட்டிப் போட்டிருக்கிறேன். உன் கடிதத்தை ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

முதலில் பேட்டரி. அதைச் சார்ஜில் போடாதே. அழுத்தாதே, குத்தாதே. இரும்பு வாளியில் மணல் போட்டு அதில் வைத்து, வாசலுக்கு வெளியே நிழலில் வை. பிறகு பேட்டரிக் கடைக்காரரை வரச் சொல்லி எடுத்துக்கொண்டு போகச் சொல்.

அடுத்து ஸ்க்ரூ. மோட்டாரைப் பிடிக்கிற ஸ்க்ரூ ஆறு மில்லி. இன்னொரு பையில் எட்டு மில்லி இருக்கும். அதே தலை, அதே கறுப்பு. மாற்றிப் போட்டாலும் நன்றாகவே முடுக்கிக்கொள்ளும். ஆனால் அதிகமான அந்த இரண்டு மில்லி உள்ளே போய்ச் செப்புச் சுருளைத் தொடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே போன பிறகுதான் தெரியும். அதனால் இரண்டையும் பிரித்து வை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே டிக் போடு. அந்த லிஃப்ட்டின் சோதனைப் பேப்பரில் நான் பதினாறு டிக் போட்டேன், கயிற்றைப் போய்ப் பார்க்காமலே. அந்தப் பெரியவர் அதில் ஏறினார், உயிரோடு இறங்கவில்லை. ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தங்கும் இடம் என்று நம் வீட்டைத்தான் போட்டிருக்கிறேன். போலீஸார் வந்து விசாரிப்பார்கள், பொறுமையாகப் பேசு. ஆறு நாளும் பட்டாணியைக் கொண்டுவந்து விடுவதாக அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

உன் கடிதத்தின் கடைசி வரிக்குப் பதில் எழுதவில்லை. கோபமில்லை.

மகன்


மார்ச் 3

மகனுக்கு,

முழங்கால் பதிலுக்கு உன்னை விசாரித்தது. பேட்டரி மணலில் படுத்திருக்கிறது, நாளைக் காலை கடைக்காரர் வருகிறார். ஸ்க்ரூவைப் பற்றி நீ சொல்லவே வேண்டியதில்லை. காலர் பட்டனையும் கை பட்டனையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தவள் நான். மேஜை மேல் பதினொரு கிண்ணம் வைத்துப் பிரித்துவிட்டேன். ஆறு மில்லி பதினாறு, எட்டு மில்லி பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துத்தான் டிக் போட்டேன். விசிறியில் நாலு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நாலு இடப்பக்கம். அதையும் தனியாக வைத்தேன். பட்டாணி நாற்காலிக்குத் தலையணை, உன் நாற்காலிக்கு ஒன்றுமில்லை. உனக்கு முதுகு நிமிர்ந்து உட்காரத் தெரியும்.

ஆனால் கண்ணாடி விஷயம் என் நெஞ்சில் நிற்கிறது. டிசம்பர் பதினொன்று, ஜனவரி எட்டு, ஜனவரி இருபத்தொன்பது. மூன்று தடவை உன் பழைய கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். மூன்று தடவையும் கேட்டில் இருக்கிற மீசைக்காரர், "கண்ணாடி ஐட்டம் உள்ள விட மாட்டோம், போம்மா" என்றார். மூன்றாம் தடவை என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. இன்னும் நினைவிருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் இதையே சொல்கிறேன். கேட் வழியாகத்தானே விட மாட்டீர்கள். என் மேஜை மேல் ஒரு மிஷின் தயாராகிறது. அதில் கட்டி உங்கள் சுவருக்கு மேலே பறக்கவிட்டு, என் மகன் மடியில் கண்ணாடியை இறக்குகிறேன். அப்போது என்ன செய்வீர்கள் என்று பார்க்கிறேன். பயப்படாதீர்கள், உங்களுக்கும் ஒரு பட்டன் அனுப்புகிறேன்.

இதை எழுதிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீயும் சிரி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


மார்ச் 28

மகனுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. காய்ச்சல் ஏதாவது வந்து படுத்திருக்கிறாயா? இருந்தால் யார் கையாலாவது ஒரு வரி எழுதச் சொல்.

நேற்று விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயசானவர், ஒருவர் இப்போதுதான் வேலையில் சேர்ந்தவர் மாதிரி இருந்தார்.

"வீட்ல யாரும்மா இருக்கீங்க?"

"நான்தான். வேற யாரும் இல்ல."

வயசானவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போனார். ஒரு கிண்ணத்தைத் தூக்கி ஆட்டினார்.

"ஆட்டாதீங்க. அது ஆறு மில்லி."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"என் பேத்தி விளையாட. அவ அப்பன் வந்து செஞ்சு குடுப்பான்."

"எங்க பறக்கவிடப் போறீங்க?"

"உங்க தலைக்கு மேலதான். வேற எங்க."

சின்னவர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. "எங்களுக்குத் தகவல் வந்திருக்கும்மா" என்றார். யார் சொன்ன தகவல் என்று கேட்டேன். மேஜையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பொறுமையாகத்தான் பேசினேன். நீ சொல்லியிருந்தாயே.

கிண்ணங்களைத் திரும்ப எண்ணி வைத்துவிட்டேன். ஒன்றும் குறையவில்லை. சீக்கிரம் எழுது.

அம்மா


ஏப்ரல் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருக்கவேண்டும். காய்ச்சல் எதுவும் இல்லை. எழுதத் தாமதமாகிவிட்டது.

விடுப்பு கொஞ்சம் தள்ளிப்போகும் போலிருக்கிறது. பேப்பர் வேலைதான், கவலைப்படாதே. மேஜையில் இருப்பதையெல்லாம் பெட்டியில் போட்டு மூடி வைத்துவிடு. இனிமேல் கடிதத்தில் அதைப் பற்றி எழுதவேண்டாம். உன் உடம்பைப் பற்றி மட்டும் எழுது, போதும்.

வெயில் ஏறுகிறது. நிறையத் தண்ணீர் குடி.

மகன்


ஏப்ரல் 24

மருமகளுக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பட்டாணி நன்றாக இருக்கட்டும்.

இருபத்திரண்டு மாதமாக உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுதவைத்துவிட்டாய். என் மேஜை மேல் அந்தப் பெட்டி பிரித்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் பட்டாணியைத் தவிர மூன்று பேர். நான், என் மகன், உன் மகள் வாயால் கேட்ட நீ. போலீஸ்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிய உடனே நேரே மேஜைக்குப் போகிறார். தகவல் வந்தது என்கிறார். இப்போது விடுப்பு தள்ளிப்போகிறது என்று அவன் நாலே வரி எழுதுகிறான். தண்ணீர் குடி என்று எனக்குப் புத்தி சொல்கிறான்.

கோர்ட்டில் நீ கூண்டில் ஏறியது செவ்வாய்க்கிழமை. பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவை. மூன்றே கால் மணி. "அவர் அன்னிக்கு மத்தியானம் அந்தக் கட்டடத்துக்குப் போகல, வீட்லதான் இருந்தாரு" என்று சொன்னாய். குரல்கூட உனக்கு நடுங்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் அவன் உள்ளே போனான். ஒரு தடவை காட்டிக்கொடுத்தது போதாதென்று, ஆறு நாள் வெளியே வரப் பார்த்தவனை இரண்டாம் தடவையும் காட்டிக்கொடுத்தாய். அவன் உன்னை மன்னித்திருக்கலாம். அவனுக்கு ஞாபகசக்தி அவன் அப்பா மாதிரி. எனக்கு அப்படியில்லை.

இதற்குப் பதில் வேண்டாம்.

மாமியார்


மே 2

அத்தைக்கு வணக்கம்.

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் நிற்பவள் என்பதால் சொல்கிறேன்.

விடுப்பு தள்ளிப்போகவில்லை அத்தை. மறுத்துவிட்டார்கள். உத்தரவின் நகல் மனைவி என்பதால் எனக்கு வந்தது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். "அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. நான் ஜெயில்ல இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். நானும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன், உங்கள் கடிதம் வரும்வரை. நகலை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து சின்னது, அதனால் முக்கியமான இடத்தை இங்கே எழுதுகிறேன்:

"கைதியின் தாயார் மார்ச் 3ஆம் தேதிக் கடிதத்தில், பறக்கும் கருவி ஒன்றைத் தயாரித்துச் சிறைச் சுவருக்கு மேலாகப் பொருள் இறக்கப்போவதாகத் தெரிவித்துள்ளார். நேரில் விசாரித்தபோது அவ்வாறான கருவியின் பாகங்கள் வீட்டில் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. அதிகாரிகளின் தலைக்கு மேல் அதைப் பறக்கவிடப்போவதாகவும் கூறினார். எனவே இம்முகவரியில் தங்க விடுப்பு வழங்க இயலாது."

இந்த வருஷம் ஏற்கனவே வேறொரு ஜெயிலுக்குள் யாரோ இப்படிச் சாமான் இறக்கியிருக்கிறார்களாம். அதனால் பயப்படுகிறார்கள்.

உத்தரவு வந்ததிலிருந்து அறுபது நாளுக்குள் வேறு முகவரி கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். என் வீடு இருக்கிறது. ஆனால் முதல் முகவரிக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அம்மா வீடு இல்லையென்றால் வேண்டாம் என்கிறார் அவர். உங்களிடம் கேட்க எனக்கும் தைரியம் இல்லை. ஜூன் 5 கடைசி நாள்.

கோர்ட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று வக்கீல் இன்னொரு கேள்வியும் கேட்டார். "வேலை நேரத்துல ஏன் வீட்டுக்கு வந்தாரு? யாராவது கூப்பிட்டாங்களா?" எனக்குத் தெரியாது என்றேன். கூண்டில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

பட்டாணி தினமும் நாள்காட்டியைப் பார்க்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மருமகள்


மே 9

ஜெயில் பெரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஜெயிலில் இருக்கிற லிஃப்ட் மெக்கானிக்கின் அம்மா எழுதுகிறேன். எனக்குப் படிப்பு குறைவு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இதை யாரும் சொல்லி எழுதவில்லை.

மார்ச் 3 கடிதம் என்னுடையதுதான். ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. கேட்டில் கண்ணாடியை வாங்கவில்லை என்ற கோபத்தில் உங்களைக் குத்தவேண்டும் என்றே எழுதினேன். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். விசாரணைக்கு வந்தவர்களிடம் பேசியதும் அப்படித்தான். என் மகனுக்கு இதில் பங்கில்லை. பொறுமையாகப் பேசு என்று அவன் முன்கூட்டியே எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தையும் நீங்கள்தான் படித்திருப்பீர்கள்.

அது பதினொரு வயதுப் பெண் குழந்தையின் விளையாட்டுச் சாமான். பேட்டரி கெட்டுவிட்டது, கடைக்காரர் எடுத்துப்போனார். புதிது வாங்கவில்லை.

என் மகன் அவன் மனைவி வீட்டில் தங்கட்டும். எனக்குச் சம்மதம். என்னால் தொந்தரவு வரும் என்று நினைத்தால், அந்த ஆறு நாளும் நான் அந்தத் தெருப் பக்கம் வரமாட்டேன். அவனையும் பார்க்க மாட்டேன். இதை நானாக எழுதிக் கொடுக்கிறேன். நான் சொன்னால் சொன்னதுதான். என் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இடது கைப் பெருவிரல் ரேகை வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.


மே 10

மருமகளுக்கு,

நீயும் பட்டாணியும் நலமா? கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜெயிலுக்கு எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. படித்துப் பார்த்து நீயே கொண்டுபோய்க் கொடு. பெட்டி தனியாக வருகிறது. கிண்ணங்களைக் கொடுக்க முடியாது, சமையலுக்கு வேண்டும். ஒவ்வொன்றையும் துணிப் பையில் போட்டு, வாயைத் தைத்து, மேலே நம்பர் நூலில் போட்டிருக்கிறேன். மூன்றாம் நம்பர் ஆறு மில்லி. நாலாம் நம்பர் எட்டு மில்லிக்குச் சிவப்பு நூல். பட்டாணியிடம் சொல், சிவப்பு நூல் பை மோட்டார் பக்கம் வரக்கூடாது.

நீ எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று பன்னிரண்டு மணிக்கு அவனுக்குப் போன் போட்டது நான். தையல் மிஷின் பெல்ட் அறுந்துபோச்சு, வந்து பார் என்றேன். பெல்ட் அறுந்ததென்னவோ நிஜம். ஆனால் அவசரம் ஒன்றுமில்லை, மறுநாள் போட்டிருக்கலாம். மூன்று நாளாக அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, வந்து உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று கூப்பிட்டேன். சாப்பிட்டு, பெல்ட் மாட்டி, அந்தப் பதினாறு டிக்கையும் என் மிஷின் பலகை மேல் வைத்துத்தான் போட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பேப்பர் என்று கேட்கவில்லை. இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. உன் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்ததால் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

நீ வக்கீலிடம் தெரியாது என்று சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அதை மட்டும் மறந்த மாதிரி இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் நான் எழுதிய கடிதத்தைக் கிழிக்காதே. வைத்துக்கொள். யார் என்ன சொன்னார்கள் என்பதை நான் மறப்பதில்லை. என் விஷயத்தில் நீயும் மறக்க வேண்டியதில்லை.

அத்தை


ஜூலை 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இது யாரும் பிரித்துப் படிக்காத கடிதம். விடுப்பு இன்றோடு முடிகிறது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஜெயிலுக்குத் திரும்பிப் போய்ச் சேரவேண்டும். அதற்கு முன் எழுதி பட்டாணியின் அம்மாவிடம் கொடுக்கிறேன்.

இங்கிருந்து நம் வீட்டுக்கு ஒரே பஸ். ஆறு நாளும் அந்த பஸ் ஜன்னலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நீ வரமாட்டாய் என்று தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டாயே. ஆனாலும் ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களைப் பார்த்தேன்.

முதல் நாள் பட்டாணி என்னோடு பேசவில்லை. நம்பர் படித்தாள், பையைப் பிரித்தாள், ஸ்க்ரூவோடு பேசினாள். நான் என்ன கேட்டாலும் "ம்" என்றாள். இரண்டாம் நாள் தகடும் கைகளும் சேர்த்தோம். மூன்றாம் நாள் மோட்டார். ஒன்றை முடுக்கிவிட்டு நிமிராமலே கேட்டாள்: "அந்தத் தாத்தா கீழ விழறப்போ பயந்திருப்பாராப்பா?"

ஆமாம் என்றேன்.

"நீ போய்ப் பாத்திருந்தா?"

"விழுந்திருக்க மாட்டாரு."

பிறகு அடுத்த மோட்டாரை எடுத்து என் கையில் கொடுத்தாள். எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் அம்மா, போலீஸ், வக்கீல், நீதிபதி. இவளிடம் சொன்னபோதுதான் வாயிலிருந்து முழுசாக வந்தது.

அட்டைக்கு ஒயர் பற்றவைப்பது பாதிதான் முடிந்தது. மீதி அடுத்த விடுப்புக்கு. அவளே அப்படி முடிவு செய்துவிட்டாள். தொடக்கூடாது என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள்.

தையல் மிஷின் விஷயத்தைப் பட்டாணியின் அம்மாவுக்கு எழுதினாயாம். காட்டினாள். நீ கூப்பிட்டாய், நான் வந்தேன். டிக் போட்டது என் கை. அதை உன் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஏற்கனவே நிறையப் பேர் கணக்கு இருக்கிறது.

கிளம்புகிறேன்.

மகன்


செப்டம்பர் 6

மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். மருந்துக்கடைக்காரி பேச்சைக் கேட்டு டாக்டரிடம் போனேன், முழங்காலுக்குப் பட்டை கொடுத்திருக்கிறார். இரவில் தூக்கம் வருகிறது. வெயில் குறைந்துவிட்டது. நீ இளைத்துவிட்டாய் என்று பட்டாணி சொன்னாள், கொடுக்கிறதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு. இதைப் படிக்கிற ஐயாவும் குடும்பமும் நலமாக இருக்கவேண்டும்.

உடம்பைப் பற்றி மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறாய். இதுவும் அதில் சேரும் என்று எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது உன் பெண்டாட்டி வீட்டுக்குப் போகிறேன். முதல் ஞாயிறு அவள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானாக உள்ளே போய் உட்கார்ந்தேன். இரண்டாம் ஞாயிறு எனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள். கோர்ட்டில் அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் எழுதியதை அவளும் மறக்கவில்லை, பீரோவில் வைத்திருக்கிறாள், பார்த்தேன். பட்டாணி நடுவில் உட்காருகிறாள். பேச்சு அதிகம் இல்லை. சாப்பாடு போதுமா என்று உன் பெண்டாட்டி கேட்கிறாள், போதும் என்கிறேன்.

மூன்று பேரும் நன்றாகச் சாப்பிடுகிறோம்.

அம்மா